வெப்சைட் இருக்கு, விளம்பரமும் போகுது... புக்கிங் மட்டும் ஏன் வரல? 5 பேரை வைத்தே காரணம் கண்டுபிடிக்கலாம்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அருணாசலேஸ்வரர் கோயிலில் கிளம்பி நடந்தால், மலைக்கு மேற்குப் பக்கம் வரும் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான பக்தர்கள் கடந்து போகும் வழி இது. தங்கும் விடுதி, டீக்கடை, இளநீர், பூஜைப் பொருட்கள் என இந்தப் பாதையை நம்பி நடக்கும் தொழில்கள் ஏராளம்.

முன்பெல்லாம் ரோட்டோரம் போர்டு வைத்தால் போதும். இப்போ அப்படி இல்லை. சென்னையில் இருந்தோ, பெங்களூருவில் இருந்தோ, ஆந்திரா, தெலங்கானாவில் இருந்தோ வருபவர், பஸ் ஏறும் முன்பே செல்போனில் ரூமைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார். அதனால் சின்ன விடுதிகள்கூட வெப்சைட், ஆன்லைன் விளம்பரம் என்று செலவு செய்கின்றன.

ஆனாலும் பலருக்கும் ஒரே புலம்பல்தான். "பார்க்கிறவங்க நிறைய பேரு... புக் பண்றவங்க கம்மி."

உடனே என்ன செய்வோம்? ஒன்று, விளம்பரத்துக்கு இன்னும் காசு போடுவோம். இல்லையென்றால் வாடகையைக் குறைப்போம். இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவு குறைந்த ஒரு வேலை இருக்கிறது. அதுதான் யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டெஸ்டிங். சுருக்கமாக யூஎக்ஸ் டெஸ்டிங். தமிழில் பயனர் அனுபவ சோதனை.

யூஎக்ஸ் டெஸ்டிங் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். உங்கள் வெப்சைட்டையோ, ஆப்பையோ முன்பின் பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும். அவர் செய்வதை நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கே விரல் நிற்கிறது, எங்கே முகம் சுளிக்கிறது, எங்கே "போதும்பா" என்று மூடிவிடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

கருத்துக் கேட்பது வேறு, இது வேறு. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்ம ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராக "நல்லா இருக்கு சார்" என்றுதான் சொல்வார்கள். மனசு நோகக் கூடாதே! ஆனால் விரல் பொய் சொல்லாது.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம்

அடி அண்ணாமலையில் 10 ரூம் உள்ள ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்குத் தன் வெப்சைட்டில் எந்தக் குறையும் தெரியாது. ஏனென்றால் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். இதே தளத்தை வெளியாட்களிடம் கொடுத்தால் என்ன நடக்கலாம்?

முதல் ஆளிடம் "அடுத்த பௌர்ணமிக்கு ரூம் போடுங்க" என்கிறோம். தளத்தில் இருப்பது வெறும் காலண்டர். பௌர்ணமி என்று ஒரு குறிப்புகூட இல்லை. தேதி தெரிந்துகொள்ள அவர் கூகுளுக்குப் போகிறார். போனவர் அங்கே வேறு விடுதியின் விளம்பரத்தைப் பார்க்கிறார். கதை முடிந்தது.

இரண்டாவது ஆளுக்கு வேறு குழப்பம். பௌர்ணமி திதி ஒரு நாளில் ஆரம்பித்து அடுத்த நாளில்தான் முடியும். ராத்திரி முழுக்க நடந்துவிட்டு விடியற்காலை ரூமுக்கு வந்தால், பகல் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்களா? ஒரு நாள் வாடகையா, இரண்டு நாளா? தளத்தில் பதில் இல்லை.

மூன்றாவது ஆள் 60 வயதைத் தாண்டியவர். இமெயில் கட்டாயம் என்று கேட்கிறது. அவருக்கு இமெயிலே கிடையாது. நான்காவது ஆளுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். ஐந்தாவது ஆளின் கேள்வி: "கிரிவலம் அன்னைக்கு ரோட்டுல வண்டி விட மாட்டாங்களே... கார் ரூம் வரைக்கும் வருமா?"

கவனியுங்கள். இதில் ஒன்றுகூட வாடகை பற்றிய பிரச்னை இல்லை. வாடகையைக் குறைத்திருந்தால் நஷ்டம்தான் மிச்சம். காலண்டரில் பௌர்ணமி நாளைக் குறிப்பது, ரூம் நேரத்தைத் தெளிவாக எழுதுவது, இமெயில் கட்டாயத்தை எடுப்பது, தெலுங்கில் நாலு வரி சேர்ப்பது, வாகன வசதியைச் சொல்வது... எல்லாமே சின்னத் திருத்தங்கள்.

இதனால் தொழிலுக்கு என்ன லாபம்?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மாதம் 1,000 பேர் தளத்தைப் பார்க்கிறார்கள், 20 பேர் புக் செய்கிறார்கள், ரூம் வாடகை 1,500 ரூபாய் என்றால் வருமானம் 30,000 ரூபாய். தடைகளை நீக்கியதும் 20 பேர் 30 பேராக உயர்ந்தால் வருமானம் 45,000 ரூபாய். விளம்பரச் செலவு அதேதான்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப வரும் போன் கால்கள் குறையும். "நாங்க நினைச்சது ஒண்ணு, இங்க இருக்கிறது ஒண்ணு" என்ற சண்டையும், கடைசி நேர கேன்சலும் குறையும்.

நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கதை, அமெரிக்க நிபுணர் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதிய '300 மில்லியன் டாலர் பட்டன்'. நிறுவனத்தின் பெயரை அவர் வெளியிடவில்லை. அந்த ஆன்லைன் கடையில், பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் பணம் கட்டும் முன் 'ரிஜிஸ்டர்' செய்ய வேண்டும். வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் கடைக்காரர்கள் அதை வைத்தார்கள்.

சோதனையில் நேர் எதிராகத் தெரிந்தது. புதிதாக வந்தவர்கள் எரிச்சலானார்கள். பழைய வாடிக்கையாளர்களோ பாஸ்வேர்டை மறந்து தவித்தார்கள். பிறகு அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, 'தொடரவும்' என்ற பட்டனையும், கணக்கு தொடங்காமலே வாங்கலாம் என்ற குறிப்பையும் வைத்தார்கள். வாங்கி முடித்தவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்ததாகவும், முதல் ஆண்டில் 300 மில்லியன் டாலர் கூடுதல் விற்பனை ஆனதாகவும் ஸ்பூல் எழுதியிருக்கிறார்.

பயண நிறுவனமான எக்ஸ்பீடியாவின் அனுபவமும் சுவாரஸ்யமானது. புக்கிங் படிவத்தில் 'கம்பெனி' என்று ஒரு கட்டம் இருந்தது. சிலர் அதில் தங்கள் வங்கியின் பெயரை எழுதினார்கள். அதோடு நிற்காமல், முகவரி கேட்ட இடத்தில் வங்கியின் முகவரியையும் போட்டார்கள். கார்டு சரிபார்ப்பு தோற்றது, பணம் போகவில்லை. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதால் ஆண்டுக்கு 12 மில்லியன் டாலர் லாபம் கூடியதாக 2010-ல் அந்த நிறுவனம் சொன்னது.

நம்ம நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளத்தில், ஒரு காலத்தில் லாகின் செய்தால்தான் ரயில்களைத் தேடவே முடியும். 2018-ல் வந்த புதிய தளத்தில், லாகின் செய்யாமலே ரயிலையும், சீட் இருக்கிறதா என்பதையும் பார்க்கும் வசதி வந்தது. அந்தத் தளம்கூட முதலில் பீட்டா வடிவமாக, மக்கள் பயன்படுத்திப் பார்க்கத்தான் வெளியானது.

வெப்சைட் இல்லாத கடைக்கும் இது பொருந்துமா?

தாராளமாகப் பொருந்தும். டீக்கடையில் இப்போது "பணம் வந்தது" என்று பேசும் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கியூஆர் கோடு வந்தபோது கடைக்காரருக்கு என்ன தலைவலி? ஒரு கையில் டம்ளர், எதிரே பத்து பேர். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து மெசேஜ் பார்க்க முடியாது. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் வேறு. 2019-ல் பேடிஎம் சவுண்ட்பாக்ஸைக் கொண்டுவந்தது. பிறகு போன்பே, கூகுள் பே என மற்ற நிறுவனங்களும் இறங்கின. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் காதுக்குச் சொன்னார்கள். பெட்டிக்கு மாத வாடகை என்று அந்த நிறுவனங்களுக்கும் ஒரு வருமானம் கிடைத்தது. ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தால் இந்தத் தேவை பிடிபடாது. கடையில் நின்று பார்த்தால்தான் புரியும்.

கிரிவலப் பாதைக் கடைகளும் இதைச் செய்யலாம். கியூஆர் அட்டை ராத்திரி வெளிச்சத்தில் ஸ்கேன் ஆகிறதா? விலைப் பலகை நடந்து வருபவர் கண்ணில் படுகிறதா? கூகுள் மேப்பில் உங்கள் கடை சரியான இடத்தில் காட்டுகிறதா? வெளியூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏன் 5 பேர் போதும்?

ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ம் ஆண்டு ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். சராசரியாக ஒருவரே சுமார் 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுத்துவிடுவார். அடுத்தவரும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் தடுமாறுவார். கூடவே சில புதிய குறைகள் தெரியும். 5 பேர் முடியும்போது சுமார் 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

15 பேரை ஒரே தடவையில் உட்கார வைப்பதைவிட, 5 பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி 5 பேரிடம் சோதிப்பது நல்லது என்கிறார் அவர். ஆனால் வாடிக்கையாளர்கள் வெவ்வேறு வகை என்றால், ஒவ்வொரு வகையில் இருந்தும் சிலரைச் சேர்க்க வேண்டும். தமிழ் படிக்கும் இளைஞர்கள் 5 பேர் தடுமாறவில்லை என்பதால், தெலுங்கு பேசும் பெரியவருக்கும் அது எளிது என்று அர்த்தம் இல்லை.

எப்படிச் செய்வது?

1. சொந்தக்காரர், ஊழியர் வேண்டாம். உங்கள் தளத்தை இதுவரை பார்க்காத ஆட்களைப் பிடியுங்கள்.

2. "இந்தப் பட்டனை அமுக்குங்க" என்று சொல்லாதீர்கள். "அப்பா அம்மாவோட வர்றீங்க, ஒரு ரூம் பாருங்க" என்று வேலையை மட்டும் சொல்லுங்கள்.

3. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

4. உதவி செய்யாதீர்கள். கஷ்டமான பகுதி இதுதான். "அதோ அங்க இருக்கு பாருங்க" என்று நீங்கள் வாயைத் திறந்தால் சோதனை வீண். வீட்டில் இருந்து புக் செய்பவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை.

5. நிஜமான சூழலில் சோதியுங்கள். விலை குறைந்த போன், மெதுவான நெட், ஒரு கையில் பை. பௌர்ணமிக் கூட்டத்தில் வாடிக்கையாளர் நிலைமை அதுதான்.

6. ரெக்கார்ட் செய்வதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பின் நம்பர், ஓடிபி போடும்போது திரையைப் பார்க்காதீர்கள்.

7. குறைந்தது இரண்டு பேர் தடுமாறிய இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை

வாடிக்கையாளர் எங்கே ஏமாறுவார் என்பதையும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும். அதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது. கடைசி நேரத்தில் கட்டணத்தைக் கூட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, பொய்யாக "இன்னும் ஒரே ரூம்தான்" என்று அவசரப்படுத்துவது... இவற்றை 'டார்க் பேட்டர்ன்' என்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது.

இன்னொன்று. ரூம் சுத்தமாக இல்லை, தண்ணீர் வரவில்லை என்றால் எந்த டெஸ்டிங்கும் காப்பாற்றாது. நல்ல சேவைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்கும் தடையை எடுப்பதுதான் இதன் வேலை.

பலன் தெரிய, திருத்தும் முன்பும் பின்பும் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் புக் செய்தார்கள், விளக்கம் கேட்டு எத்தனை போன் வந்தது. பௌர்ணமி மாதத்தைப் பௌர்ணமி மாதத்தோடும், கார்த்திகை தீபத்தை முந்தைய ஆண்டின் தீபத்தோடும் ஒப்பிடுங்கள். சாதாரண நாளைத் திருவிழா நாளோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.