விலக வழியில்லாத கிளி

வீட்டுக் கிளி கடிக்கத் தொடங்கியதும் நாம் முதலில் செய்வது அதற்கு ஒரு குணத்தைக் கற்பிப்பதுதான். திமிர் என்போம், நன்றி கெட்டது என்போம், புதிதாக மருமகள் வந்த பிறகு கடிக்கிறது என்றால் பொறாமை என்போம். தொடர்ந்து அலகில் ஒரு சுண்டு, கூண்டின்மேல் ஒரு போர்வை, அதற்கும் அடங்காவிட்டால் இறக்கை வெட்டு என்று வைத்தியம் நடக்கும். இந்த வைத்தியம் ஒவ்வொன்றும் கடியை வளர்க்கவே செய்கிறது. காட்டில் பிடிக்காத ஒன்று நெருங்கினால் கிளி செய்யும் முதல் காரியம் பறந்து போவது. கூண்டிலும் தோளிலும் வெட்டிய இறக்கையோடும் இருக்கும் கிளிக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மிஞ்சியிருப்பது அலகு மட்டும்.

கடிக்கு முன்னால் கிளி பலமுறை எச்சரிக்கிறது. கண்மணி சட்டென்று சுருங்கி விரியும், கழுத்து இறகுகள் சிலிர்க்கும், வால் விசிறிபோல் விரியும், உடல் பின்னால் சாயும், சில கிளிகள் அப்படியே உறைந்து நிற்கும், அதன்பின் வாய் திறக்கும். வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் "ஒன்றும் செய்யாது" என்று கையை நீட்டுகிறோம். கடித்த நொடியில் கை பின்வாங்குகிறது. ஐந்து சைகைகளுக்குக் கிடைக்காத பலன் ஒரு கடிக்குக் கிடைத்துவிட்டது என்பதைக் கிளி வெகு சீக்கிரம் புரிந்துகொள்கிறது. சில வாரங்களில் சைகைகளைக் கைவிட்டு நேராகக் கடிக்கிறது. "எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று கடித்தது" என்ற புகார்களில் பாதி இப்படிப் பிறந்தவையாகத்தான் இருக்க வேண்டும். கடித்ததும் நாம் போடும் கூச்சல் இன்னொரு தவறு. கூட்டமாக இரைச்சலிட்டு வாழும் பறவைக்குச் சத்தம் தண்டனை ஆகாது. பேச்சுத் துணை கிடைத்ததாகவே அது எடுத்துக்கொள்ளும்.

எல்லாக் கடியும் கோபக் கடி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளிக்கு அலகு மூன்றாவது கால். ஏறப்போகும் கிளை தாங்குமா என்று அலகால் பிடித்துப் பார்த்துத்தான் காலை வைக்கும். விரலையும் அப்படித்தான் பிடிக்கிறது. நாம் பயந்து இழுத்தால், அடுத்த முறை விழாமலிருக்க இறுக்கிப் பிடிக்கிறது. இளங்கிளிகள் பருவமடையும் காலத்தில் அலகால் மிரட்டிப் பார்ப்பதும் உண்டு. அதுவரை சாதுவாக இருந்த வளர்ந்த கிளி ஒரேயடியாக மாறினால் மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். வலி கடியாக வெளிப்படலாம்.

இனி, பொறாமை. கிளி இனங்களில் பெரும்பாலானவை ஒற்றைத் துணையோடு வாழ்பவை. துணைக்கு இரையைக் கக்கி ஊட்டுவது, தலையையும் கழுத்தையும் கோதிவிடுவது, பொந்தைக் காப்பது, துணையிடம் நெருங்கும் வேறு கிளியை விரட்டுவது எல்லாம் அந்த வாழ்க்கையின் பகுதிகள். தனியாக வளரும் கிளிக்குத் துணையின் இடத்தில் இன்னொரு பறவை இல்லை. யார் தீனி வைக்கிறாரோ, யார் மணிக்கணக்கில் தோளில் சுமக்கிறாரோ, அவரே துணை ஆகிவிடுகிறார். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவிக் கொடுக்கிறோம். நமக்கு அது செல்லம், கிளிக்கு அது இணைசேர அழைப்பு. கட்டிலுக்கடியிலும் அலமாரிக்குள்ளும் புகுந்து விளையாட விடுகிறோம். அது பொந்து தேடுகிறது. இரவு பதினொன்று வரை விளக்கும் தொலைக்காட்சியும் எரியும் கூடத்தில் கூண்டு தொங்குகிறது. நீண்ட பகல் இனப்பெருக்கக் காலத்தின் அறிகுறி என்று அதன் உடல் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவையும் செய்துவிட்டு, கணவரோ குழந்தையோ பக்கத்தில் வந்து உட்காரும்போது கிளி பாய்ந்தால் அதைப் பொறாமைக்காரி என்கிறோம். எதிரியை எட்ட முடியாவிட்டால் தான் நேசிப்பவரின் கையையே கடிக்கும். துணையை ஆபத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகும் முயற்சியாகவும், எட்டாத எதிரிமேல் காட்ட முடியாத ஆத்திரமாகவும் பறவை நடத்தையை அறிந்தவர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

"குஞ்சிலிருந்தே கையால் ஊட்டி வளர்த்தது, அதற்குக் காட்டுக் குணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பார்கள். நாயும் மாடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து மாறியவை. கூண்டில் பிறந்த கிளிகளில் பலவும் காட்டுக் கிளியிலிருந்து சில தலைமுறைகளே தள்ளி வந்தவை. கை வளர்ப்பு செய்வது ஒன்றுதான்: குஞ்சு தன் இனத்தை அறியாமல் மனிதரைத் தன் இனமாக நினைக்க வைக்கிறது. ஆகவே துணையாக மனிதரையே தேர்ந்தெடுக்கும் சிக்கல் இதில் கூடுதல். "அறிவுள்ள பறவைதானே, வேண்டுமென்றே பழி வாங்குகிறது" என்பது இன்னொரு வாதம். அமெரிக்க ஆய்வாளர் ஐரின் பெப்பர்பெர்க் சுமார் முப்பது ஆண்டுகள் பழக்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் பிரித்துச் சொன்னது; 2007-ல் இறந்தது. அப்படிப்பட்ட மூளையை ஒரு கூண்டு, ஒரு கிண்ணம் சூரியகாந்தி விதை, ஒரு கண்ணாடி என்று அடைத்து வைத்தால் அந்த அறிவு வேறு எதற்குச் செலவாகும்? எந்தச் செயலுக்கு என்ன பலன் என்று கணக்குப் போடும் திறமைதான் அதைக் கடிக்கப் பழக்கியது. அதே திறமையை வைத்துத்தான் பழக்கத்தை மாற்றவும் முடியும்.

மாற்றுவதில் முதல் வேலை எச்சரிக்கைச் சைகைக்கு மதிப்புக் கொடுப்பது. இறகு சிலிர்த்ததுமே கையை நிறுத்தி ஓரடி பின்வாங்குங்கள். "விட்டுக்கொடுத்தால் ஏறி மிதிக்குமே" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் விட்டுக்கொடுப்பது சைகைக்கு, கடிக்கு அல்ல. சைகை பலிக்கும் என்று தெரிந்த கிளிக்குக் கடி தேவைப்படாது. கடித்தே விட்டால் அலறாமல், உதறாமல், அருகிலுள்ள தண்டில் இறக்கிவிட்டுச் சில நிமிடம் கவனிக்காமல் இருங்கள். பொறாமைக் கடிக்கு மருந்து, எதிரியாகத் தெரிபவரை நல்லதைக் கொண்டுவருபவராக மாற்றுவது. கோவைப்பழமோ கொய்யாத் துண்டோ, கிளிக்கு மிகப் பிடித்த ஒன்று அவர் கையிலிருந்து மட்டுமே கிடைக்கட்டும். முதலில் கம்பிக்கு வெளியே தூரத்தில் வைத்து, கிளி அமைதியாக இருக்கும் அளவுக்கு நாள்போக்கில் நெருங்கட்டும். செல்லக்காரர் கொஞ்சம் ஒதுங்க வேண்டும். அவருக்குத்தான் இது கடினம். கிளி தன்னை மட்டும் நேசிப்பதில் பலருக்கு உள்ளூரப் பெருமை இருக்கிறது. தடவுவது தலை, கழுத்தோடு நிற்கட்டும். கண்ணாடியையும் துணிக் குடிசையையும் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தீனியை மட்டைகளிலும் காகிதப் பொட்டலங்களிலும் ஒளித்துத் தேட வையுங்கள். தோளில் உட்கார வைக்க வேண்டாம். கண் அங்கிருந்து ஓர் அலகுத் தூரம்தான்.

இறக்கை வெட்டினால் அடங்கும் என்பவர்கள் கூரை மின்விசிறியைக் காட்டுகிறார்கள். நம் வீடுகளில் அது உண்மையான ஆபத்து. அதற்கு விடை, தினமும் குறித்த நேரத்தில் விசிறியை நிறுத்தி, சன்னலுக்கு வலை போட்ட ஓர் அறையில் பறக்க விடுவது. இறக்கை வெட்டிய கிளி தப்ப முடியாது என்று தெரிந்து இன்னும் வேகமாகக் கடிக்கும்; தடுமாறி விழுந்து மார்பெலும்பில் அடிபடுவதும் உண்டு.

கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, தோல் கிழிந்திருந்தால் மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். பறவையிடமிருந்து வெறிநாய்க்கடி நோய் வராது. கிளிகளின் எச்சத் தூசியிலிருந்து வரும் சிட்டக்கோசிஸ் என்ற நோய் உண்டு. காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று போனால் வீட்டில் கிளி இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இத்தனை பாடும் எந்தக் கிளிக்கு என்பதில் சட்டம் குறுக்கிடுகிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளி எதையும் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில், மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. "குஞ்சாகக் கீழே விழுந்ததை எடுத்து வளர்த்தேன்" என்பது அனுமதி ஆகாது. 2024 தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு கிளி ஜோசியரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், கானூர் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருக்கலாம்; ஆனால் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். "கடிக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் கைமாற்றுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கூண்டின் அளவுக்கும் சட்டம் உண்டு: 1960-ன் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், நகர இடமில்லாத கூண்டில் அடைப்பதையே கொடுமையாகக் கணக்கிடுகிறது.

அப்படியானால் கூண்டைத் திறந்துவிட்டால் போதுமா? போதாது. வெளிநாட்டுக் கிளி நம் வெயிலிலும் காக்கைக் கூட்டத்திலும் நாளைக் கடத்தாது. வருடக்கணக்கில் அடைபட்ட பச்சைக்கிளிக்கும் பறக்கத் தெம்பும் இரை தேடப் பழக்கமும் இருக்காது. அதை மாவட்ட வன அலுவலகத்திலோ அருகிலுள்ள வனச்சரகத்திலோ ஒப்படைத்தால் தேற்றி விடுவிக்க அவர்களால் முடியும். இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று: சாம்பல் கிளி நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழும். உங்களுக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால், கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புங்கள்.