மொய் நோட்டுக்குள் கார்டு கணக்கு!



இந்தப் பகுதிக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்வதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் பட்ட அவஸ்தையை இன்னொரு வீட்டில் ஒருத்தி படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரை ஏக்கர் தென்னை, ரெண்டு மாடு, நாலைந்து ஆடு. என் வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ரெண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள குடும்பம்.

2024 பொங்கல் முடிந்து ரெண்டு வாரம் இருக்கும். ராத்திரி ஏழரை மணி. பிள்ளைகளுக்கு இட்லி வைத்துக் கொண்டிருந்தேன். எனக்கு ஒரு போன் வந்தது. "உங்க வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டேங்குறார். கிரெடிட் கார்டு பணம் எப்போ கட்டுவீங்க?" என்று ஒரு பையன் அதட்டினான். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு. கார்டா? எங்க வீட்டிலா?

அவர் வந்ததும் கேட்டேன். முதலில் "அது ஒண்ணுமில்லை" என்றார். அப்புறம் தலையைக் குனிந்து கொண்டார். பீரோவில் பழைய துணிக்கு அடியில் இருந்து காகிதக் கட்டை எடுத்து வந்தார். மொத்தம் 62,400 ரூபாய் கடன்! ஒன்றரை வருசமாக என்னிடம் மறைத்திருக்கிறார்.

குடியோ சீட்டாட்டமோ இல்லை சகோதரிகளே. அதைச் சொல்லியாக வேண்டும். கடன் வந்த வழியே வேறு.

எங்கள் பக்கம் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துதான். பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்தும் ஒரே பந்தலில் வைப்பார்கள். ஒருத்தர் ஒருமுறை வைத்தால் மறுபடி வைக்க ஐந்து வருசம் ஆகும். வாங்கினதை அவரவர் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். அதற்கு மேலே கூட்டி எழுதுவதைப் புதுநடை என்போம். வட்டியில்லாத பணம். கிணறு வெட்டினவர்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் என்று இதனால் தலை நிமிர்ந்த குடும்பங்கள் எத்தனையோ.

நாங்களும் 2017-ல் வைத்தோம். வந்த பணத்தில் போர் போட்டோம், தென்னைக்குச் செலவு செய்தோம். அடுத்த வருசமே, 2018 நவம்பர் 16-ஆம் தேதி, கஜா புயல் வந்தது. ஒரே ராத்திரியில் காய்க்கிற மரமெல்லாம் சாய்ந்து போச்சு. மரம் போனாலும் வாங்கின மொய் போகுமா? அது நோட்டில் இருக்கிறதே! பின்னாடி கொரோனா வேறு. 2022 ஆடி, ஆவணியில் மட்டும் 40,000 ரூபாய் மொய் திருப்ப வேண்டி வந்தது. சம்பளம் முழுக்க மொய்க்குப் போனது. மளிகை, பெட்ரோல், பிள்ளைகள் துணிமணி எல்லாம் கார்டில் தேய்த்திருக்கிறார். "எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்று நான் கேட்டதற்கு, "ஓவர்டைம் பார்க்கிறேன்" என்று பொய் சொல்லியிருக்கிறார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பணம் போனதை விட, என்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் நெஞ்சை அடைத்தது.

மறுநாள் என் மாமியாரிடம் சொல்லி அழுதேன். அத்தை பள்ளிக்கூடம் போனவர் இல்லை. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, அதில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்தும் கணக்கும் படித்தவர். பொம்பளைகள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகிய காலம் அது. அத்தையும் பழகினார். எங்கள் வீட்டு மொய் நோட்டு இன்றைக்கும் அத்தை பொறுப்புதான். யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு செய்தோம் என்று ஒரு எழுத்து பிசகாது.

அத்தை என்னைத் திட்டவும் இல்லை, மகனைத் திட்டவும் இல்லை. மொய் நோட்டை எடுத்து வந்து கடைசியில் இருந்த வெற்றுப் பக்கத்தைத் திருப்பினார். "ஏன்டா தம்பி, மொய்க் கடனை ஊரறிய எழுதி வைக்கிறோம். இந்தக் கடனை மட்டும் ஏன்டா துணிக்குள்ள ஒளிச்சு வெச்சே? எழுது ஆத்தா, முதல்ல எழுது" என்றார்.

மூணு பேரும் உட்கார்ந்து எழுதினோம். அப்போதுதான் விஷயமே புரிந்தது.

மாசாமாசம் வரும் கணக்குத் தாளில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு 3,120 ரூபாய். இவர் அதை மட்டும் கட்டி வந்திருக்கிறார். "மாசம் தவறாமல் கட்டுறேன், கடன் குறையுது" என்று நம்பியிருக்கிறார். பொங்கல் செலவில் அந்த மாதம் மட்டும் தவறியதால்தான் போனே வந்தது. இந்தக் கார்டுக்கு வட்டி மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய். 62,400-க்கு வட்டி 2,184. வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 393. ஆக 2,577 ரூபாய் அப்படியே போய்விடும். 3,120 கட்டினால் கடனில் குறைவது வெறும் 543 ரூபாய்தான்! ஒரு வருசம் முழுக்க இப்படியே கட்டியிருந்தால், சுமார் 35,000 ரூபாய் கட்டிய பிறகும் கடன் 6,000 சொச்சம்தான் குறைந்திருக்கும். மூன்றரை வட்டி மாசத்துக்கு. வருசத்துக்கு 42 ரூபாய். ஊரில் கந்து வட்டி என்று எதைத் திட்டுகிறோமோ, அதற்கு இது இளைத்ததா?

இன்னொன்றும் தெரிந்தது. பாக்கி வைத்துக் கொண்டே அதே கார்டில் புதுசாக வாங்கினால், வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கின நாளில் இருந்தே வட்டி. நாம் வாங்கின புளி, பருப்புக்குக் கூட வட்டி ஓடியிருக்கிறது. கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணமாக எடுத்தாலும் முதல் நாளே வட்டி ஆரம்பம், தனிக் கட்டணம் வேறு.

அன்றைக்கே கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். "வர்ற ஆடியில் மொய் விருந்து வெச்சிடலாம். மொத்தமா அடைச்சிடலாம்." எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பழைய மொய்யே பதினோரு வீட்டுக்குப் பாக்கி இருக்கிறது. கறிச்சோறு செலவு, பந்தல் செலவு வேறு. வட்டி இல்லை என்றாலும் மொய்யும் கடன்தானே? கிணறு வெட்ட வாங்கினால் தண்ணீராவது மிஞ்சும். தின்று தீர்த்த கடனை அடைக்க வாங்கினால் என்ன மிஞ்சும்? வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அத்தையும் என் பக்கம் நின்றார்.

அதற்குப் பதில் நான் செய்த முதல் காரியம், என் அம்மா போட்ட ஒரு பவுன் செயினைக் கூட்டுறவு சங்கத்தில் 30,000 ரூபாய்க்கு வைத்தேன். கழுத்து வெறிச்சென்று இருந்தது. ஆனால் கணக்கு என்ன சொன்னது தெரியுமா? அந்த 30,000 கார்டில் இருந்தால் வட்டியும் வரியுமாக மாசம் 1,239 ரூபாய். சங்கத்தில் 300 ரூபாய்க்குள். பிப்ரவரியில் அந்தப் பணத்தை அப்படியே கார்டில் கட்டினோம். பாக்கி 32,400 ஆனது.

அந்த மாசம் முழுக்க ஒரு செலவு விடாமல் நோட்டில் எழுதினோம். டீ, பஜ்ஜி, பிள்ளைகள் வாங்கும் பாக்கெட் எல்லாம் சேர்த்துத்தான். முதலிலேயே எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டும் செய்தோம். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோட்டே சொல்லிவிட்டது. நாங்கள் மிச்சம் பிடித்தது இப்படி:

மளிகைக்குச் சீட்டு எழுதி மாசம் ஒருமுறை மட்டும் வாங்கியது, ரேஷனில் 30 ரூபாய் துவரம்பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் விடாமல் வாங்கியது: 1,200.

ஞாயிற்றுக்கிழமை பார்சல் பிரியாணியை நிறுத்தி வீட்டிலேயே ஆக்கியது: 1,100.

அவர் வண்டியை ஆலங்குடியில் போட்டுவிட்டுப் பஸ்ஸில் போனது, நான் எங்கே போனாலும் மகளிருக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் போனது: 900.

பிள்ளைகள் பாக்கெட் தீனிக்குப் பதில் கடலை உருண்டை, அவல்: 500.

கேபிள், ரெண்டாவது போன் ரீசார்ஜ்: 400.

அவருடைய கடை டீ, வடை: 400.

எனக்கு மாதம் வந்த மகளிர் உரிமைத் தொகையைத் தொடாமல் வைத்தது: 1,000.

ஆக 5,500 ரூபாய். சம்பளம் வந்த அன்றைக்கே இதைக் கார்டில் கட்டிவிடுவோம். மிச்சத்தில்தான் குடித்தனம். மாசக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று இருந்தால் என்றைக்குமே மிஞ்சாது!

மார்ச்சில் ஆரம்பித்தோம். ஏப்ரல் முடிவில் பாக்கி 24,000-க்குக் கீழே வந்தது. ஜூனில் 15,000-க்குக் கீழே. கடன் குறையக் குறைய வட்டியும் குறைகிறது, கட்டுகிற பணம் நேரே அசலைப் போய்க் கடிக்கிறது. ஒவ்வொரு மாசமும் அத்தை கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பாக்கியை எழுதும்போது, பிள்ளைகள் கூட வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் ஆடி வந்ததே! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வருசம் திருப்ப வேண்டிய பதினோரு வீட்டு மொய் 9,500 ரூபாய். கார்டுப் பணத்தைத் தொடக்கூடாது என்று ரெண்டு ஆட்டுக்குட்டியை விற்றோம். வாங்கினதை வாங்கினபடி எழுதினோம். ஒரு வீட்டுக்கும் புதுநடை போடவில்லை.

என் கொழுந்தனார் வீட்டு விருந்தில்தான் சங்கடம். அண்ணன் கூட்டி எழுதுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. "அண்ணன் கம்பெனியில வேலை பார்க்கிறாருன்னு பேரு" என்று ஓரகத்தி என் காதுபடவே சொன்னாள். சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து போய்த் தம்பியிடம், "எனக்கு கார்டுக் கடன் இருக்குப்பா. அடைச்சிக்கிட்டு இருக்கேன். அடுத்த தடவை செய்யறேன்" என்று பந்தலிலேயே சொன்னார். ஒன்றரை வருசம் பெண்டாட்டியிடம் மறைத்த மனுசன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே கொழுந்தனார் வீட்டுக்கு வந்து, "அண்ணி, எனக்கும் ஒரு கார்டு இருக்கு. அந்த நோட்டுக் கணக்கை எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

2024 செப்டம்பரில் கடைசி 4,898 ரூபாயும் கட்டி முடித்தோம். கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, மூடியாச்சு என்ற தகவலையும் வாங்கி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதே 5,500-ஐ அடுத்த மாசத்தில் இருந்து நகைக் கடனுக்குத் திருப்பினோம். தேங்காய் வெட்டின பணம் 5,000-மும் சேர, ஒரு வருசத் தவணை முடிவதற்குள் 2025 பிப்ரவரியில் செயின் கழுத்துக்கு வந்துவிட்டது.

சகோதரிகளுக்கு நான் தெரிந்து கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கடன் வசூலுக்கு காலை 8 மணிக்கு முன்னாலும் ராத்திரி 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது, மிரட்டவும் கூடாது. எனக்கு ஏழரை மணிக்குப் போன் வந்தபோது இது தெரியாது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும். கேட்காமல் கார்டு கொடுக்கவும் கூடாது. வங்கியிடம் புகார் சொல்லியும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறை தீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் வட்டி விஷயத்தில் நம்மைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். கார்டுக்கு வருசம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. ஆகவே பாக்கி வைக்காமல் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

கார்டே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுகிறவர்களுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. எங்களைப் போல் வரவுக்கும் செலவுக்கும் இழுபறியாக இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

உங்கள் வீட்டுக்காரர் முகம் சில மாசமாக வாட்டமாக இருந்தால், சண்டை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னால் திட்டாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து முதலில் எழுதுங்கள்.

எங்கள் மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "கார்டு பாக்கி – இல்லை" என்று அத்தை தன் கையால் எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார். அடுத்த ஆடியில் கொழுந்தனாருக்குப் புதுநடை எழுத, மாசம் 500 ரூபாய் இப்போதே உண்டியலில் போட்டு வருகிறேன்.

– ஒரு வாசகி,
கீரமங்கலம் வட்டாரம், புதுக்கோட்டை மாவட்டம்.