பாவங்களை யாரிடம் அறிக்கையிடுவது?



“பாவத்தை மன்னிப்பவர் கடவுள். அப்படியிருக்க, நம்மைப் போன்ற ஒரு மனிதரிடம் அதை ஏன் சொல்லவேண்டும்?” பிற சபைகளைச் சார்ந்த உறவினரோ அயலவரோ இக்கேள்வியை உங்களிடம் கேட்டிருக்கக்கூடும். சினமின்றிச் சிந்திக்கவேண்டிய கேள்வி இது. ஏனெனில், அதன் முற்பகுதி நமது விசுவாசமுமாகும்.

பாவத்தை மன்னிப்பவர் இறைவனே என்பதில் கிறிஸ்தவரிடையே வேறுபாடில்லை. அம்மன்னிப்பு எவ்வழியாக நம்மை வந்தடைகின்றது என்பதிலேயே கருத்துகள் பிரிகின்றன. மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே சபையினர் பலர், யோவானின் முதலாம் திருமுகம் 1:9ஐ ஆதாரமாகக் கொண்டு, இறைவனிடம் நேரடியாக அறிக்கையிடுவதே போதுமென்பர். அங்கிலிக்கன் திருச்சபையில் வழிபாட்டின்போது யாவரும் சேர்ந்து அறிக்கையிடுவர். விரும்புவோர் குருவிடம் தனியாகவும் அறிக்கையிடலாம். லூத்தரன் சபையினரின் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கை, தனிப்பட்ட பாவமன்னிப்பு தொடரவேண்டும் என்றே கூறுகின்றது. பாவங்கள் அனைத்தையும் எண்ணிச் சொல்லும் கடமையை மட்டுமே அது மறுக்கின்றது. ஒர்த்தடொக்ஸ் மரபில் பாவி கிறிஸ்துவின் திருவுருவத்தின் முன் நின்று அறிக்கையிட, குரு சாட்சியாக அருகில் நிற்பார்.

நாமோ யோவான் 20:22-23ஐ நோக்குகின்றோம். உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்மீது ஊதி, மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களிடம் ஒப்படைத்தார். ஆகவே, குரு தம் சொந்தப் பெயரால் மன்னிப்பதில்லை. ஆதித் திருச்சபையில் பெரும் பாவங்களுக்குப் பகிரங்கத் தவம் இருந்தது. தனிப்பட்ட பாவசங்கீர்த்தனம் பின்னர் அயர்லாந்துத் துறவியரால் பரவியது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கடமையாக்கியது. வடிவம் மாறியது, கொடை மாறவில்லை.

மனித செவி எதற்காக? மனதிற்குள் மட்டும் அறிக்கையிடும்போது, பாவத்திற்கு நாமே நல்ல பெயர் சூட்டிவிடுகின்றோம். சினம் கண்டிப்பாகிவிடுகின்றது; உலோபம் சிக்கனமாகிவிடுகின்றது; புறங்கூறுதல் அக்கறையாகிவிடுகின்றது. வாய்விட்டுச் சொல்லும்போதோ அது தன் உண்மைப் பெயரைப் பெறுகின்றது. “உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன” என்பதை நம் காதுகளும் கேட்கின்றன.

ஆனால், இவ்வருட்சாதனத்திற்காக வாதாடும் நாம் இறுதியாக அதனை நாடிச் சென்றது எப்போது? அயலவரின் கேள்வியைவிட இக்கேள்வியே நம்மைச் சுடவேண்டும். வேலிப் பிணக்கினால் உடன்பிறந்தவரோடு ஆண்டுக்கணக்காகப் பேசாதிருந்துகொண்டு, எவரிடம் அறிக்கையிட்டாலும் பயனென்ன? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் பணிக்கின்றார் (மத்தேயு 5:23-24).

ஊதாரி மைந்தனை நினைவுகூருங்கள். தந்தையிடம் சொல்லவென அவன் வழிக்கு முன்னரே வார்த்தைகளை ஆயத்தம் செய்திருந்தான். தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்க எண்ணிய இறுதி வார்த்தையை அவன் சொல்லுமுன்னரே, தந்தை புத்தாடை கொணரும்படி பணித்துவிட்டார் (லூக்கா 15:18-22). அத்தந்தை இன்றும் வாசலில் காத்திருக்கின்றார். இவ்வாரம் குடும்பமாக ஆலயம் சென்று ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறுவோம். திரும்பும் வழியில், நாம் பேசாதிருக்கும் அந்த வீட்டின் படலையையும் தட்டுவோம்.