சென்ட்ரிங் போடாத கூரை

"நம்ம பாண்டுப் ஒரு காலத்தில் எஸ்டேட்டாமே? அந்தக் காலத் தோட்ட பங்களாவை எப்படிக் கட்டினார்கள்?" என்று கேட்டிருக்கிறார் மும்பை பாண்டுப் மேற்கு வாசகி ஒருவர்.

எஸ்டேட்தான். ஆனால் தோட்ட பங்களா என்றால் எனக்குச் சென்னைதான். அடையாற்றங்கரையில் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 1798 வாக்கில் கட்டிய மாளிகை இன்று அரசு இசைக் கல்லூரி. கிண்டி ஆளுநர் மாளிகையும் தோட்ட வீடாக இருந்ததுதான்.

தூண் வைத்த தாழ்வாரமும் வண்டி நிற்கும் போர்ட்டிகோவும் சினிமாவிலேயே பார்த்திருப்பீர்கள். அண்ணாந்து கூரையைப் பாருங்கள். அதன் பெயர் மெட்ராஸ் டெரஸ்.

தேக்குச் சட்டங்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவார்கள். வரிசை நேராகப் போகாது. அறையின் மூலையில் தொடங்கி 45 டிகிரி சாய்வாகப் போகும். கீழே சென்ட்ரிங் எனும் முட்டுப் பலகை கிடையாது. காலை நேர ஸ்லோ லோக்கல் ரயிலில் கைப்பிடி கிடைக்காமல் நிற்கிறோமே, பக்கத்து ஆளே முட்டாக இருப்பதால் யாரும் விழுவதில்லை, அதே கணக்குதான். ஒட்டிய வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட கூரையை நாம் சிமெண்டால் கெடுக்கிறோம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். ஒழுகுகிறது என்று மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. சுவருக்குள் இருக்கும் தேக்கு முனை மெல்ல உளுத்துப்போகும். பிறகு "கட்டடம் பழசு" என்று பழி போட்டு இடித்துவிடுகிறோம்.

ஊரில் உங்கள் தாத்தா வீட்டு மட்டப்பாவும் இப்படிக் கட்டியதாக இருக்கலாம். அடுத்த லீவில் சிமெண்ட் மூட்டையை இறக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கூலி கூடுதலாகத்தான் கேட்பார். புதுத் தேக்கு வாங்கும் செலவோடு பார்த்தால் அது வெறும் கொசுறு.