பேதி நின்ற பிறகும் ஜிங்க் மாத்திரை எதற்கு?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு 14 நாளுக்கு ஜிங்க் மாத்திரையும் தருகிறார்கள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் பல வீடுகளில் மாத்திரையும் நின்றுவிடுகிறது. தாய்மார்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மீதி நாட்களுக்கு ஏன் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்வது. அதற்கும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்கும் துத்தநாகம், அதாவது ஜிங்க், தேவை. உடலில் அதற்குப் பெரிய சேமிப்பு கிடையாது. பேதியில் மலத்தோடு போய்விடும். அது குறைந்தால் புண்பட்ட குடல் ஆறத் தாமதமாகும், அடுத்த பேதி இன்னும் கடுமையாக வரலாம், மீதியிருக்கும் துத்தநாகமும் கரையும். தானியத்தையே நம்பி வளரும் குழந்தைக்கு இழந்ததை ஈடுகட்டுவதும் கடினம். தானியங்களிலுள்ள பைடேட் துத்தநாகத்தைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

தில்லியில் 937 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1995-இல் வெளியானது. துத்தநாகம் பெற்றவர்களுக்குத் தண்ணீராகப் போவது நாளொன்றுக்குச் சராசரியாக 39 சதவீதம் குறைந்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

அப்படியானால் இரத்தத்தில் அளவு பார்த்துவிட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றும். தொற்று வந்தாலே இரத்தத்திலுள்ள துத்தநாகம் கல்லீரலுக்கு இடம்பெயரும். அதனால் பேதியின்போது எடுக்கும் அளவை வைத்து ஒரு குழந்தையின் உண்மையான பற்றாக்குறையைச் சொல்ல முடியாது. பரிசோதனைக்குக் காத்திராமல் கொடுப்பதே சரி.

14 நாள் ஏன் என்பதற்கு வங்கதேசத்தின் மத்லப் கிராமங்கள் பதில் சொல்கின்றன. பேதி வரும்போதெல்லாம் 14 நாள் கொடுத்த பகுதிகளில் பிறகு பேதி வருவதே 15 சதவீதம் குறைந்தது. விபத்து தவிர்த்த மரணங்கள் பாதியாயின. 2002-இல் இது வெளியானது. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஓ.ஆர்.எஸ்.ஸுடன் துத்தநாகத்தையும் பரிந்துரைத்தன.

வழக்கமான அளவு தினம் 20 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. கரண்டியில் தாய்ப்பாலோ காய்ச்சி ஆறிய நீரோ விட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். சில குழந்தைகள் வாந்தி எடுக்கும். இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், 5 அல்லது 10 மில்லிகிராமும் அதே பலனைத் தந்தது, வாந்தியும் குறைந்தது. ஆனாலும் வீட்டில் நாமாக அளவைக் குறைக்கக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு இது மாற்று ஆகாது. மலத்தில் இரத்தம் வந்தாலோ, கண் குழிந்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.