கரிசல் வெயிலும் செல்லின் உட்கருவும்

கரிசல் காட்டுப் பரளச்சி வட்டாரத்தில் சீமைக்கருவேல விறகை வெட்டிக் கரி மூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பு. விறகை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைத்தால் நாள்கணக்கில் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். எங்காவது மண் வெடித்துப் புகை கசிந்தால் உடனே அடைக்க வேண்டும். காற்றுப் புகுந்துவிட்டால் கரி சாம்பலாகிவிடும். அதனால் ஆள் நகர முடியாது. மூட்டம் பிரிக்கிற நாளில் தலைக்கு மேல் சித்திரை வெயில், காலடியில் கனல். அங்கே நிற்கிறவர்களுக்கு வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே நேரத்தில் அவர்கள் உடம்பின் செல்களுக்குள், குறிப்பாக உட்கருவுக்குள், ஒரு பெரிய பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாததால்தான் ஓய்வை நாம் சோம்பல் என்கிறோம்.

மடிப்பு கலைந்தால்

தசை சுருங்குவது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பது, மரபணுவில் எழுதியிருப்பதைப் படிப்பது எல்லாமே புரதங்களின் வேலை. ஒவ்வொரு புரதமும் முதலில் நீளமான சங்கிலியாக உருவாகிறது. தனக்கென்று உள்ள வடிவத்தில் மடிந்த பிறகே வேலைக்கு ஆகும். முட்டையை அவிக்கும்போது வெள்ளைக்கரு கெட்டியாவது, மடிப்பு கலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான். நம் உடம்பு அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. ஆனால் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டிய உள்வெப்பம் 40ஐத் தாண்டினால், நுட்பமான புரதங்கள் பல நிலைகுலையத் தொடங்கும்.

இதற்குச் செல்லிடம் மாற்று ஏற்பாடு இருக்கிறது என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிடோசா பழ ஈக்களை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார். நுண்ணோக்கியில் பார்த்தால், ஈயின் குரோமோசோம்களில் வழக்கத்தில் இல்லாத இடங்கள் உப்பியிருந்தன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் அவசரமாக வேலையைத் தொடங்கிவிட்டன என்பதே அதன் பொருள். 1962இல் அவர் இதை வெளியிட்டார். அந்த மரபணுக்கள் உண்டாக்குபவற்றை இன்று வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்கிறோம். மடிப்பு கலைந்த புரதத்தைப் பிடித்து, ஒட்டிக்கொள்ளாமல் காத்து, மறுபடி மடியச் செய்பவை இவையே.

மடிக்கவே முடியாதவற்றின் மேல் யூபிகுயிட்டின் என்ற சின்னப் புரதம் அடையாளமாக ஒட்டப்படும். அந்த அடையாளம் உள்ளதை புரோட்டியோசோம் என்ற அமைப்பு துண்டு துண்டாக நறுக்கிவிடும். இந்த அடையாள முறையைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்னும் பெரிய கழிவுகளைப் பை போன்ற சவ்வில் சுற்றிச் செரிக்கும் தன்விழுங்கல் என்ற முறையும் உண்டு. அதன் ஆய்வுக்காக யோஷினோரி ஓசுமி 2016இல் மருத்துவ நோபல் பெற்றார்.

உட்கருவின் சிக்கல்

உட்கருவுக்குள்தான் டிஎன்ஏ இருக்கிறது. அங்கே பழுதான புரதங்கள் தேங்கினால் மரபணுவைப் படிக்கும் வேலையே குழம்பும். ஆனால் தன்விழுங்கல் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியேதான் நடக்கிறது. உள்ளே சேர்கிற கழிவுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் போன்ற துணைப் புரதங்களும் புரோட்டியோசோமுமே முக்கிய கதி. பிரியும் செல்லில் உட்கருச் சவ்வு கலைந்து மறுபடி உருவாகும்போது கழிவு விலக ஒரு வாய்ப்பு உண்டு. நரம்புச் செல்கள் அப்படிப் பிரிவதில்லை. பிறந்தபோது கிடைத்த நரம்புச் செல்லோடுதான் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுவரை வாழ்கிறோம்.

2019இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவன ஆய்வாளர்கள், சயன்ஸ் இதழில் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ரைபோசோம்களை உருவாக்குவது அதன் வேலை என்றுதான் பள்ளியில் படித்தோம். செல்களைச் சூடாக்கியபோது, மடிப்பு கலைந்த புரதங்கள் இந்த நியூக்ளியோலஸுக்குள் போய்த் தங்கின. அங்கே அவை கட்டிதட்டாமல் இளக்கமாகவே இருந்தன. சூடு தணிந்ததும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் துணையோடு வெளியே வந்து மறுபடி மடிந்தன. ஆனால் சூடு நீண்டுகொண்டே போனபோது, உள்ளே போனவை இறுகி, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டன.

அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் பார்த்தது. மூட்டத்தருகே நிற்கும் மனிதரிடம் அளந்தது அல்ல. ஆனாலும் அதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எவ்வளவு சூடு என்பதோடு, எவ்வளவு நேரம் விடாமல் சூடு என்பதும் முக்கியம். இடையில் தணிவு கிடைத்தால் செல் மீள்கிறது.

சுமை இறங்காத நோய்

சூட்டால் அல்லாமலும், உட்கருவில் சேரும் புரதச் சுமை இறங்காமலே போனால் என்ன ஆகும் என்பதை ஒரு பரம்பரை நோய் காட்டுகிறது. முதல் வகைத் தண்டுவட சிறுமூளைத் தள்ளாட்டம் என்று அதைச் சொல்லலாம். அட்டாக்சின்-1 என்ற புரதத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதால் வருகிறது. இதன் மரபணுவை ஹாரி ஆர், ஹுடா சோக்பி குழுவினர் 1993இல் கண்டுபிடித்தார்கள். நீண்டுபோன இந்தப் புரதம் நரம்புச் செல்லின் உட்கருவுக்குள் திரள்கிறது. அதை உட்கருவுக்குள் போக முடியாதபடி மாற்றி எலிகளில் வைத்தபோது, எலிகளுக்கு நோய் வரவில்லை. கெடுதல் நடக்கும் இடம் உட்கருவேதான் என்பதை 1998இல் வந்த அந்த ஆய்வு நிறுவியது.

இது நமக்குத் தொலைதூர நோய் அல்ல. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே இந்த நோய் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் 2005இல் நியூராலஜி இந்தியா இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் தொடங்கும். கால் அகட்டி நடப்பார்கள், பேச்சு குழறும், கையெழுத்து கோணும், போகப் போக விழுங்கவும் சிரமப்படுவார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

கிராமத்தில் இவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏச்சுதான். "காலையிலேயே குடிச்சிட்டு வர்றான் பாரு" என்பார்கள். இல்லாவிட்டால் காத்து கருப்பு என்று கயிறு கட்டுவார்கள். உங்கள் குடும்பத்தில் அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று ஒருவர் பின் ஒருவராகத் தள்ளாடுகிறார்கள் என்றால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் துறைக்கு அழைத்துப் போங்கள். நோயைக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. ஆனால் பிசியோதெரபி நடையைத் தாங்கிப் பிடிக்கும். விழுங்கும் பயிற்சி நுரையீரல் தொற்றைக் குறைக்கும். திருமணத்துக்கும் குழந்தைக்கும் முன் ஆலோசனை பெறலாம். அவமானம் நீங்குவதே அந்த வீட்டுக்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "செல்லைப் புதுப்பிக்கும்" என்று விற்கிற புரத மாவுகளால் உட்கருவுக்குள் எதுவும் சரியாகாது. தின்கிற புரதம் குடலிலேயே அமினோ அமிலமாகச் செரித்துவிடுகிறது. உடம்புக்கு வேண்டிய புரதத்துக்குத் துவரை, மொச்சை, முட்டை, கம்மங்கூழில் கலக்கும் மோர் போதும்.

வெயிலில் நிற்பவர்களுக்கு

2017இல் தொடங்கி சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு, ஆனால் இறந்த பிறகு வரும் பணம் அது.

புதிதாக வெயில் வேலைக்கு வருபவருக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் இருப்பும் செல்லில் கூடுகிறது. முதல் நாளிலேயே முழு வேலை வாங்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கூட்டுவதே பாதுகாப்பு. ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறவரும் புதியவர்தான். ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர், கூழ், ஓஆர்எஸ் கரைசல் எல்லாம் நல்லதுதான். சர்க்கரை உள்ளவர்கள் பதநீரைத் தவிர்க்கலாம். தகரக் கொட்டகையில் இரவிலும் வெக்கையிலேயே படுத்தால் பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு மீள முடியாது. காற்றோட்டமான திண்ணையோ வேப்ப மரத்தடியோ அதைவிட மேல்.

வெயிலில் வேலை செய்கிறவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, மயங்கினாலோ அதை வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணி தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மூட்டம் போடும் முதலாளிகளும், நூறு நாள் வேலைத் தளத்தைப் பார்த்துக்கொள்பவர்களும், மிளகாய்க் களத்தில் ஆள் விடுகிறவர்களும் இந்தக் கோடையில் ஒன்று செய்யுங்கள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையை நிறுத்துங்கள். மற்ற நேரத்திலும் இடையிடையே நிழலில் உட்கார விடுங்கள். அந்த நேரத்துக்கும் கூலியைப் பிடிக்காதீர்கள்.