ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாள்: முதலில் ஓவியம், அப்புறம் படகு

ஆம்ஸ்டர்டாம்ல ஒரே ஒரு நாள்தான் இருக்கா? அப்போ காலையில ரைக்ஸ்மியூசியம், மதியம் கால்வாய்ப் படகு. இந்த வரிசையை மாத்தாதீங்க. மியூசியம் 9 மணிக்குத் திறக்கும். நேரம் குறிச்ச டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க. எல்லா அறையையும் பார்க்க நினைச்சா கால்வலிதான் மிச்சம். நேரா இரண்டாம் தளத்துக்குப் போங்க. ரெம்பிராண்ட் 1642-ல் முடித்த ‘நைட் வாட்ச்’ அங்கேதான் இருக்கு. நகரக் காவல் படையினர் காசு கொடுத்து வரையச் சொன்ன படம் அது. நடுவுல கறுப்பு உடையில நிற்கிற கேப்டன் பான்னிங் காக், சிங்கல் கால்வாய்க் கரையில குடியிருந்தவர். அவர் மாதிரி வசதியானவங்க வாழ்ந்த வீடுகளைத்தான் மதியம் படகுல இருந்து பார்க்கப் போறீங்க. சுமார் ஒரு மணி நேரம், காலுக்கும் ஓய்வு. வீட்டு உச்சியில நீட்டிக்கிட்டு இருக்கிற கொக்கியைக் கவனிங்க. குறுகலான படிக்கட்டுல ஏறாத சாமான்களைக் கயிறு கட்டி மேலே இழுக்க வெச்சது அது. காலையில அந்த முகங்களைப் பார்த்துட்டுப் போனா, வீடுகள் வெறும் சுவரா தெரியாது.